தனுஷ்கோடியை ஏன் திரும்பக் கட்டவில்லை?

கேள்வி இதுதான்: 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்தது எல்லோருக்கும் தெரியும், புயலில் சிதைந்த எத்தனையோ கடற்கரை ஊர்கள் மறுபடி எழுந்து நிற்கும்போது, இந்த ஒரு ஊரை மட்டும் ஏன் அப்படியே விட்டுவிட்டார்கள்?

கடல் கொண்டுபோய்விட்டது என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அது பாதி பதிலாகவே தோன்றுகிறது. அதே இரவில், அதே புயலில், பாம்பன் பாலமும்தான் சிதைந்தது. அதை 46 நாளில் நிமிர்த்திவிட்டார்கள். வேண்டும் என்று நினைத்ததைக் கட்டிக்கொண்டார்கள் என்றால், தனுஷ்கோடி ஏன் வேண்டாமல் போயிற்று என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு அந்த ஊர் எதற்காக உண்டானது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ராமேஸ்வரம் தீவின் தென்கிழக்கு நுனி நீண்டு ஒடுங்கிய ஒரு மணல் நாக்கு. ராமேஸ்வரத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சில இடங்களில் ஒரு கிலோமீட்டர் அகலம்கூடக் கிடையாது. வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் சீறுவதை ஆண் கடல் என்றும் மீனவர்கள் சொல்வார்கள். யாத்ரீகர்களுக்கு அவை மகோததியும் ரத்னாகரமும். இரண்டும் கூடுமிடம் சேது. காசிக்குப் போகிறவர்கள் இங்கே மூழ்கி மணல் எடுத்துக்கொண்டு போவதும், அங்கிருந்து கங்கை நீர் கொண்டுவந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்வதும் நெடுங்கால வழக்கம். ஆக, ரயில் வருவதற்கு முன்பும் இங்கே ஆள் நடமாட்டம் இருந்தது: வழியில் சத்திரங்கள், கரையில் மீனவர் குடிசைகள், வந்து நீராடிவிட்டுப் போகும் கூட்டம். ஊர் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. நெல் விளையாது, நன்செய் புன்செய் என்ற பேச்சே எழாது. கட்டடம் எழுப்பக்கூடக் கடலிலிருந்துதான் பவளப்பாறையை வெட்டி எடுக்க வேண்டும். இன்று நிற்கும் தேவாலயச் சுவரை நெருங்கிப் பார்த்தால் அந்தக் கற்களின் துளைகள் தெரியும்.

ஊரை உண்டாக்கியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. 1914க்கு முன்பு சென்னையிலிருந்து கொழும்புக்குப் போக வேண்டுமானால் ரயிலில் தூத்துக்குடி வரை போய், அங்கிருந்து கப்பலேறி ஓர் இரவு முழுவதும் கடலில் கழிக்க வேண்டும். மன்னார் பக்கம் கடல் குறுகலாக இருக்கிறதே, ஆதாம் பாலம் எனப்படும் ராமர் பாலத்தின் மணல்திட்டுகள் மீதே தண்டவாளம் போட்டுவிட்டால் என்ன என்று ஒரு யோசனை வெகுகாலம் பேசப்பட்டு, செலவுக்கு அஞ்சிக் கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாக வந்ததுதான் ரயில்–கப்பல்–ரயில் ஏற்பாடு. 1914 பிப்ரவரி 24இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. ஏறக்குறைய 35 கிலோமீட்டர் கடல். கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைஸ்ராய்களின் பெயர் தாங்கிய கப்பல்கள் முதலில் ஓடின. பின்னாளில் இர்வின், கோஷன். எழும்பூரில் மாலையில் 'போட் மெயில்' ஏறியவர் மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடித் துறையில் இறங்குவார். ரயில் கப்பல் துறை வரைக்குமே போகும். கடலைத் தாண்டித் தலைமன்னாரில் இன்னொரு ரயில் ஏறினால் அடுத்த நாள் காலை கொழும்புக் கோட்டை. எழும்பூரிலிருந்து கொழும்பு வரை ஒரே டிக்கெட். கடலும் அதில் அடக்கம்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போவதுதான் பிரதான பாதை. ராமேஸ்வரம் அதிலிருந்து பிரியும் கிளைப் பாதைதான். இன்று நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். இந்தியாவின் புகழ்பெற்ற தலங்களில் ஒன்று கிளைப்பாதையில் கிடக்க, மணல் நுனியில் இருந்த ஒரு துறைக்கு மெயில் வண்டி போனது. கம்பெனியின் கணக்கில் எது பெரிது என்பது அந்தத் தண்டவாளத்தின் வளைவிலேயே எழுதியிருந்தது.

பெரிது என்றால் எதனால் பெரிது? துரைமார்களும் வியாபாரிகளும் போட் மெயிலின் மேல் வகுப்பில் போனார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பாதையை நிரப்பியவர்கள் கண்டிச் சீமைக்கு, அதாவது இலங்கை மலையகத்தின் தோட்டங்களுக்கு, போன கூலித் தொழிலாளர்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணிகள் திரட்டிக்கொண்டு வந்த குடும்பங்கள் முதலில் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டன. முகாமை நடத்தியது இலங்கை அரசு. அம்மை, காலரா போன்றவை தீவுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்று பரிசோதனை, தடுப்பூசி, சில நாள் தங்கல். பிறகு ரயில், தனுஷ்கோடி, கப்பல், தலைமன்னார், மலையகம். தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டவரை இந்த வழி வற்றவில்லை. திரும்பி வருகிறவர்கள், ஊருக்குப் பணம் கொண்டுவருகிறவர்கள், கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வந்து போகிறவர்கள் என்று எதிர்த்திசையிலும் கூட்டம் இருக்கும்.

இந்தக் கூட்டத்தை அண்டித்தான் தனுஷ்கோடியில் மற்றதெல்லாம் வந்தன: சுங்க அலுவலகம், துறைமுக அலுவலகம், தபால்–தந்தி நிலையம், ரயில்வே மருத்துவமனை, பள்ளிக்கூடம், ஊழியர் குடியிருப்பு, தண்ணீர்த் தொட்டி, தங்கும் விடுதிகள், கோயில், தேவாலயம், மசூதி. ஊழியர்களில் பெரும்பாலோர் மாற்றலாகி வந்து மாற்றலாகிப் போகிறவர்கள். நிலையாக இருந்தவர்கள் மீனவர்களும், துறையில் மூட்டை தூக்கியவர்களும், கடை வைத்திருந்தவர்களும்தான்.

இனி இந்த ஊரின் தேய்மானம். புயல் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1939இல் இலங்கையில் இந்தியத் தொழிலாளர்களுக்கு எதிரான நடவடிக்கைகள் கூடியபோது, தொழிலாளர்கள் இலங்கைக்குக் குடிபெயர்வதை இந்திய அரசு தடை செய்தது. துறையை நிரப்பிய பெரிய ஊற்று அன்றே அடைபட்டது. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அதைத் தொடர்ந்து வந்த குடிவரவுச் சட்டத்தால் கடவுச்சீட்டும் அனுமதியும் இல்லாமல் கடலைத் தாண்ட முடியாமல் போயிற்று. அதுவரை ஒரே ஆட்சியின் இரண்டு கரைகளாக இருந்தவை இரண்டு நாடுகள் ஆயின. பணம் உள்ளவர்களுக்கு வேறு வழி பிறந்திருந்தது: 1947 டிசம்பரில் ஏர் சிலோன் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறக்கத் தொடங்கிவிட்டது. போட் மெயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அது எதற்காகப் போடப்பட்டதோ அந்த வேலை சுருங்கிக்கொண்டே வந்தது.

மண்ணும் சும்மா இருக்கவில்லை. 1948–49இலேயே தனுஷ்கோடியின் தென்பகுதி, அதாவது மன்னார் வளைகுடாவைப் பார்த்த பக்கம், சுமார் 5 மீட்டர் அமிழ்ந்தது என்பது இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஆய்வு முடிவு. அரை கிலோமீட்டர் அகலமும் 7 கிலோமீட்டர் நீளமும் உள்ள ஒரு பட்டை, வீடுகளோடும் வழிபாட்டிடங்களோடும் நீருக்குள் போனது. 1964க்கு ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு முன்பே ஊரில் ஒரு பகுதி கடலுக்குப் போய்விட்டது என்று இதற்குப் பொருள். ஒரே இரவில் மறைந்த ஊர் என்ற பேச்சு கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த இரவுக்கு வருகிறேன். 1964 டிசம்பர் 17இல் தெற்கு அந்தமான் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு தோன்றியது. 19ஆம் தேதி புயலாக வலுத்தது. 21க்குப் பிறகு கிட்டத்தட்ட நேர்கோட்டில் மேற்கு நோக்கி விரைந்து, 22ஆம் தேதி வவுனியா வழியாக இலங்கையைக் கடந்து, அன்று நள்ளிரவை ஒட்டித் தனுஷ்கோடியை அடித்தது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் என்பது மதிப்பீடு. அலைகள் 7 மீட்டர் உயரம். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். புயல் தள்ளிவரும் நீர் அப்படிப்பட்ட கடலில் கீழே இறங்க வழியில்லாமல் மேலே ஏறும். ஆழமான கரையில் இதே புயல் அடித்திருந்தால் தண்ணீர் இவ்வளவு எழும்பியிராது. இங்கோ, இருபுறமும் கடல் உள்ள, ஒதுங்க ஒரு மேடு இல்லாத மணல் நாக்கு. காற்றைத் தாக்குப்பிடித்த கல் கட்டடத்துக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. தப்ப வேண்டுமானால் மேற்கே ராமேஸ்வரம் நோக்கிப் போக வேண்டும். அந்த வழியும் நீருக்குள்.

இரு கரைகளிலும் சேர்த்து 1,800 பேருக்கு மேல் இறந்தார்கள். இதில் எல்லோருக்கும் நினைவிருப்பது ரயில். பாம்பனிலிருந்து இரவு 11.55க்குப் புறப்பட்ட 653ஆம் எண் பாசஞ்சர், 6 பெட்டிகள், 110 பயணிகள், 5 ஊழியர்கள் என்பது பதிவு. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை 200ஐ எட்டும் என்பாரும் உண்டு. தனுஷ்கோடியை நெருங்கிய நிலையில் அலை அதை மொத்தமாகக் கவிழ்த்தது. ஒருவரும் மிஞ்சவில்லை. சிக்னல் விழவில்லை, ஓட்டுநர் தயங்கினார், விசில் ஊதினார், துணிந்து நகர்த்தினார் என்றெல்லாம் நேரில் பார்த்ததுபோல விவரிக்கிறார்கள். வண்டியில் இருந்த எவரும் பிழைக்காதபோது ஓட்டுநரின் மனத்துக்குள் என்ன ஓடியது என்று சொல்கிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். தந்திக் கம்பிகளும் போய், பாலமும் போய்விட்டதால் வெளியுலகத்துக்குச் செய்தி வர நாளானது. அதன் பிறகே கப்பலும் ஹெலிகாப்டரும் மீட்புக்கு வந்தன.

சென்னை மாகாண அரசு தனுஷ்கோடியை மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது. பக்தவத்சலம் முதலமைச்சராக இருந்த காலம்.

இப்போது பாலத்தைப் பார்ப்போம். பாம்பன் பாலத்தின் கர்டர்களில், அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்களில், 126 கடலுக்குள் போய்விட்டன. நடுவில் கப்பலுக்குத் திறந்து வழிவிடும் தூக்குப் பகுதி மட்டும் தப்பியது. சீரமைக்க ஆறு மாதம் ஆகும் என்று முதலில் கணக்கிட்டார்கள். பிறகு அது மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. 32 வயதுப் பொறியாளர் ஒருவரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. பின்னாளில் கொங்கண் ரயில்வேயாலும் டில்லி மெட்ரோவாலும் பெயர் பெற்ற இ.ஸ்ரீதரன்தான் அவர். புது கர்டர்கள் செய்து வருவதற்குக் காத்திராமல், கடலுக்குள் விழுந்து கிடந்தவற்றையே தேடித் தூக்கிப் பயன்படுத்தினார். எது எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடிப்பதில் மீனவர்கள் உதவினார்கள். 46 நாளில் ரயில் ஓடியது.

ராமேஸ்வரத்துக்கு ஓடியது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பிரதான பாதையைத் தொடவே இல்லை. கிளையாக இருந்த ராமேஸ்வரம் பாதை பிரதான பாதையானது. ராமேஸ்வரத்தில் கோயில் இருந்தது, ஆண்டு முழுவதும் யாத்ரீகர் கூட்டம் இருந்தது, ஊராட்களும் வியாபாரமும் இருந்தன. கப்பலே இல்லாவிட்டாலும் அந்தப் பாதைக்குப் பயணிகள் உண்டு. தனுஷ்கோடிப் பாதைக்கோ கப்பல் ஒன்றுதான் கதி.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும். புயலுக்கு இரண்டு மாதம்கூட இல்லை, 1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. இலங்கையிலிருந்த 9,75,000 நாடற்றவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று முடிவு. ஐந்து லட்சம் பேர் கடல் தாண்டி வரவிருக்கும்போது ஒரு துறை தேவைப்பட்டிருக்காதா? தேவைப்பட்டது. ஆனால் அதற்குத் தனுஷ்கோடி தேவைப்படவில்லை. கடல் தூரம் கூடினாலும் பரவாயில்லை என்று, தண்டவாளமும் ஊரும் ஏற்கெனவே இருந்த ராமேஸ்வரத்துக்குக் கப்பல் வந்தது. 'ராமானுஜம்' என்ற கப்பலில் தாயகம் திரும்பியோர் ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கும் மற்ற இடங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். அவர்களுடைய பாட்டன்மார் தனுஷ்கோடி வழியாகப் போனவர்கள். இவர்கள் திரும்பியபோது அந்தத் துறை இல்லை. இலங்கையில் போர் மூண்ட பின் 1980களில் ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பலும் நின்றது. தனுஷ்கோடியைத் திரும்பக் கட்டியிருந்தாலும் அதற்கு மிஞ்சியிருக்கக்கூடியது இருபது ஆண்டுப் பிழைப்புதான்.

எதிர்க்கரையை ஒப்பிட்டுப் பார்ப்பதும் பயன் தரும். தலைமன்னாரையும் அதே புயல் அடித்தது. ஆனால் அங்கே துறைக்குப் பின்னால் மன்னார்த் தீவு முழுவதும் ஊர்கள் இருக்கின்றன. கப்பல் நின்றது, போரில் ரயிலும் நின்றது, அப்படியும் ஊர் இருந்தது. 2015இல் ரயில் திரும்பவும் வந்தது. நுனியில் மட்டும் வாழ்ந்த தனுஷ்கோடிக்கு அப்படிச் சாய்ந்துகொள்ள பின்புலம் எதுவும் கிடையாது.

ஆகவே என் பதில்: கொன்றது கடல், திரும்பக் கட்ட வேண்டாம் என்று முடிவு செய்தது வரவு செலவுக் கணக்கு. அமிழும் மணலில் கட்டாமல் விட்டது புத்திசாலித்தனமா என்று கேட்டால், ஆம் என்பேன். அரசு அலுவலகங்களையும் ரயிலையும் பொறுத்தவரை அது சரியான முடிவு. மீனவர்களைப் பொறுத்தவரை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது.

ஏனென்றால் அவர்கள் போகவில்லை. புயலுக்குப் பிறகு திரும்பி வந்து, ஓலைக் குடிசை போட்டு, கரைவலை இழுத்தார்கள்; இன்றும் இழுக்கிறார்கள். கரைவலைக்கு வள்ளத்தில் கொண்டுபோய் வளைத்துப் போட்டு, இரு முனைகளையும் கரையில் நின்று இழுக்கப் பத்திருபது ஆட்கள் வேண்டும். நீண்ட மணற்கரையும் வேண்டும். இரண்டும் இங்கே இருந்தன. குடிநீரும் இருந்தது, இது வெளியாட்கள் நம்ப மறுக்கும் சங்கதி. இருபுறமும் கடல் இருக்க, மணலில் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. அதனால் ஆழமாகத் தோண்டினால் உப்பு, ஆழமில்லாமல் தோண்டினால் தித்திப்பு. பெண்கள் அந்த ஊற்றுக்குழியில் சிரட்டையால் அள்ளிக் குடத்தை நிரப்புவார்கள். வாழத் தகுதியற்றது என்று அறிவித்த ஆவணத்துக்கு இந்த ஊற்று தெரியாது. தகுதியற்றது என்று அறிவித்துவிட்ட இடத்துக்குப் பட்டா, மின்சாரம், மருத்துவம் என்று எதையும் கேட்டு வாங்குவது கடினம். பல பத்தாண்டுகள் அவர்கள் அப்படித்தான் இருந்தார்கள். பள்ளிக்கூடம் ஒன்று மட்டும் இருக்கிறது.

கடப்பதும் நிற்கவில்லை. 1983க்குப் பிறகு போருக்குத் தப்பிப் படகில் வந்த இலங்கைத் தமிழர்கள் பலர் முதலில் கால் வைத்தது மணல் நாக்கின் கடைசி நுனியான அரிச்சல்முனைப் பக்கத்து மணலில்தான். 2022இல் இலங்கைப் பொருளாதாரம் முறிந்தபோது, படகுக்காரர்கள் குழந்தைகளோடு வந்த குடும்பங்களை இரவில் மணல்திட்டுகளில் இறக்கிவிட்டுப் போனார்கள். அவர்களை மீட்டு அழைத்துப்போனதும் அதே மண்டபம் முகாமுக்கு. தோட்டத் தொழிலாளர்களை அனுப்பிவைத்த அந்த முகாம்தான் போரின் அகதிகளையும் பட்டினியின் அகதிகளையும் ஏற்றுக்கொண்டது.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். 2017 வரை முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் சாலை கிடையாது. மணலிலும் நீரிலும் உழுதுகொண்டு போகும் வண்டிகளில் குலுங்கித்தான் போக வேண்டும். அந்த ஆண்டு ஜூலையில் அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் தார்ச்சாலை திறக்கப்பட்டது. பெரும்பாலோர் நேராக முனைக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். முனையில் கடலைத் தவிர ஒன்றும் இல்லை. ஊர் இருந்த இடம் அதற்குப் பாதி வழியிலேயே வந்துவிடும். ரயில் நிலையத்தின் மிச்சம், தண்ணீர்த் தொட்டியின் தூண்கள், தபால் நிலையம், தேவாலயம் எல்லாம் அங்கேதான். வழியில் இருக்கும் கோதண்டராமர் கோயில் 1964 புயலைத் தாங்கி நின்ற கட்டடம். விபீஷணன் ராமனிடம் அடைக்கலம் புகுந்த இடம் என்பது ஐதீகம். குளிர்காலத்தில் போனால் நீர்நிலைகளில் பூநாரைகளைப் பார்க்கலாம். அவற்றுக்காக 2025 ஜூனில் தமிழ்நாடு அரசு அங்கே ஒரு சரணாலயத்தை அறிவித்திருக்கிறது. பேய்க் கதை சொல்லும் வழிகாட்டிகளுக்குக் கொடுக்கும் பணத்தைக் கரையோரம் மீன் பொரித்து விற்பவர்களுக்குக் கொடுங்கள். அவர்களில் பலர் அந்த ஊர்க்காரர்கள்.

ரயில் திரும்ப வருமா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் புதுப்பாதை போட 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். சூழலுக்குக் கேடு என்று மாநில அரசு தயக்கம் காட்டியது, திட்டம் நகரவில்லை. பழைய பாம்பன் பாலத்துக்கு மாற்றாகக் கட்டிய புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தாயிற்று, அதில் போகும் வண்டிகள் ராமேஸ்வரத்தோடு நின்றுவிடுகின்றன. கப்பலோ வடக்கே வேறு துறையைத் தேடிக்கொண்டது: 2023 அக்டோபரில் தொடங்கிய பயணிகள் கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகிறது. தலைமன்னாருக்குக் கப்பல் வரும் என்ற பேச்சு அவ்வப்போது எழுந்தாலும், அதிலும் இந்தப் பக்கத்துத் துறையாக ராமேஸ்வரத்தைத்தான் சொல்கிறார்கள்.